யார் கணக்கில் எழுதினார்கள்?

சாம்பியாவில் சில காலம் வேலை பார்த்தவள் என்பதால், ஆப்பிரிக்கா பற்றி வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் கடைசியில் என் பக்கம்தான் திரும்பும். அப்படி ஒரு பேச்சில் சித்தப்பா சொன்னார்: "கொடுத்த கடனையே வேண்டாம்னு விட்டுட்டான்மா வெள்ளைக்காரன். அதுக்கும் குத்தம் சொன்னா எப்படி?" நான் வழக்கம்போல காலனி ஆட்சி, தாமிரம், சுரண்டல் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். தள்ளுபடின்னா அந்தப் பணத்தை யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும்ல? யார் கணக்குல எழுதினாங்க? முதல்ல அதைச் சொல்லு." சித்தப்பா தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2006இல் தமிழக அரசு ஏறத்தாழ 6,866 கோடி ரூபாய் கூட்டுறவு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தபோது, பேரேட்டைத் திறந்து உறுப்பினர் பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே வரவு வைத்த ஆள். அந்தத் தொகையை அரசு தவணை தவணையாகச் சங்கங்களுக்கு ஈடுகட்டியது. ஆகவே அவருக்குத் தள்ளுபடி என்றால் ஒரு பக்கம் அழிந்து இன்னொரு பக்கம் ஏறும் எண். கருணை, பெருந்தன்மை எல்லாம் மேடையில் பேசுகிறவர்கள் பாடு.

நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவள்தான். ஆனாலும் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஆப்பிரிக்கக் கடன் தள்ளுபடி பற்றிப் படிப்பதெல்லாம் இரண்டு வகையாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம், பணக்கார நாடுகள் எவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுத்தன என்ற புகழ்ச்சி. மறுபக்கம், அதெல்லாம் ஏமாற்று என்ற கோபம். இரண்டு தரப்புமே பேரேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. எனக்குச் சாம்பியாவின் கதை ஓரளவு தெரியும் என்பதால் அங்கிருந்தே பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க, "தாராளமா இல்லையா" என்ற கேள்வியைவிடச் சித்தப்பாவின் கேள்விக்குத்தான் நேரான பதில்கள் கிடைத்தன.

வாராக்கடனும் நன்கொடையும்

2005 ஜூன் மாதம் லண்டனில் ஜி8 என்ற எட்டு வலிமையான நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, 18 ஏழை நாடுகள் உலக வங்கி, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), ஆப்பிரிக்க வளர்ச்சி நிதியம் ஆகியவற்றுக்குத் தர வேண்டிய கடன் முழுவதையும் ரத்து செய்வதாக அறிவித்தார்கள். மொத்தம் 4,000 கோடி டாலர். அந்த 18இல் 14 நாடுகள் ஆப்பிரிக்காவில் இருந்தன, சாம்பியாவும் ஒன்று. அடுத்த மாதம் ஸ்காட்லாந்தின் கிளெனீகில்ஸில் ஜி8 தலைவர்கள் மாநாடு, உலகம் முழுக்கக் கச்சேரிகள், தலைப்புச் செய்திகள். அந்த 4,000 கோடியை ஒரு கணக்காளர் பார்வையில் பார்த்தால் முதலில் தெரிவது, அது அன்றைக்குக் கைமாறிய பணம் இல்லை என்பது. அடுத்த பல பத்தாண்டுகளில் வர வேண்டியிருந்த தவணைகளின் கூட்டுத்தொகை அது. அதில் உலக வங்கிப் பகுதி இயங்கிய விதம் இன்னும் சுவாரசியம். இந்த ஆண்டு சாம்பியா கட்ட வேண்டியிருந்த தவணை எவ்வளவோ, அவ்வளவு அதே ஆண்டில் அதற்குக் கிடைக்க வேண்டிய புதிய உதவி ஒதுக்கீட்டிலிருந்து கழிக்கப்படும். பணக்கார நாடுகள் வங்கிக்கு ஈடாகத் தரும் பணம் ஒரு பொதுக் குவியலில் சேர்ந்து, ஏழை நாடுகள் எல்லாவற்றுக்கும் அவற்றின் 'செயல்பாட்டு' மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கப்படும். நிர்வாகத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய நாடு லாபம் பார்க்கலாம். மற்றவர்களுக்கு வலது கையில் விட்டது இடது கையில் பிடித்தம்.

தனி நாடுகள் நேரடியாகக் கொடுத்த கடன்களின் கதை வேறு. 1990இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அமெரிக்க அரசு வெளிநாட்டுக் கடன் ஒன்றைத் தள்ளுபடி செய்ய நினைத்தால், அந்தக் கடனின் எழுதப்பட்ட தொகைக்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லை. திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய மதிப்புக்கு மட்டும் ஒதுக்கினால் போதும். கடும் கடன் சுமையில் இருந்த ஏழை நாடுகளுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட கழிவு 92 சதவீதம். அதாவது 100 டாலர் கடனை அழிக்க அமெரிக்க வரவுசெலவுத் திட்டத்தில் 8 டாலர் எழுதினார்கள். இதில் சட்ட மீறலோ தந்திரமோ எதுவும் இல்லை, சொல்லப்போனால் ஒழுங்கான கணக்கு முறை. வாராக்கடனை அதன் உண்மை மதிப்பில் காட்டச் சொல்லித்தான் எங்களுக்கும் கற்றுத்தந்தார்கள். ஆனால் வீட்டுக் கணக்கில் 8 என்று எழுதிய அதே தள்ளுபடி, மேடையில் அறிவிக்கப்படும்போது 100 ஆகிவிடுகிறது. நம் ஊரில் ஒரு கடைக்காரர் பழைய வாராக்கடனை நன்கொடை என்று எழுதி, வருமான வரியில் சலுகை கேட்டுப் பார்க்கட்டும், என்ன நடக்கிறதென்று.

மேடையில் மட்டும் என்றால்கூட விட்டுவிடலாம். உதவிப் புள்ளிவிவரத்திலும் அப்படித்தான். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தரும் உதவியை, அந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி ஆண்டுதோறும் தொகுக்கிறது. அதை வரைபடமாகப் போட்டால் 2005இல் கோடு திடீரென்று மேலே குதிக்கும். மொத்தம் சுமார் 10,600 கோடி டாலர், அதுவரை காணாத உயரம். ஒரே ஆண்டில் எந்த எண் இப்படிக் குதித்தாலும் தணிக்கைக்காரர்கள் முதலில் அங்கேதான் விரலை வைப்பார்கள். வைத்துப் பார்த்தால், ஈராக் கடன் தள்ளுபடி மட்டும் கிட்டத்தட்ட 1,400 கோடி, நைஜீரியாவுக்கானது 500 கோடிக்குச் சற்று மேல். காரணம், ஏற்றுமதிக் கடன் போன்ற வணிகக் கடன்களைத் தள்ளுபடி செய்தால், சேர்ந்துபோன வட்டி உட்பட அந்தத் தொகையை உதவி என்று காட்டிக்கொள்ள விதி அனுமதித்தது.

ஏற்றுமதிக் கடன் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய நிறுவனம் ஒன்று ஆப்பிரிக்க அரசுக்கு இயந்திரங்களைக் கடனுக்கு விற்கிறது. பணம் வராமல் போனால் என்ன செய்வது என்று தன் அரசிடமே காப்புறுதி வாங்கிக்கொள்கிறது. பணம் வராமல் போகிறது. அரசு தன் நாட்டு நிறுவனத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. அப்புறம் வட்டி, வட்டிக்கு வட்டி, அபராதம். கடைசியில் ஒரு நாள் தள்ளுபடி. ஆக, அந்த நாட்டு வரிப்பணம் போய்ச் சேர்ந்த இடம் அந்த நாட்டு ஏற்றுமதியாளரின் கல்லாப்பெட்டி. அது 'ஆப்பிரிக்காவுக்கான உதவி' என்ற தலைப்பில் ஏறுகிறது.

நைஜீரியாவின் ஒப்பந்தத்தை இந்தப் பின்னணியில் படித்தால்தான் அதன் வினோதம் புரியும். பாரிஸ் கிளப் என்ற கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு அது தர வேண்டியது சுமார் 3,000 கோடி டாலர். அதில் வாங்கிய பணத்தைவிட வட்டியும் அபராதமும்தான் பெருத்துப் போயிருந்தன. 1980களின் நடுப்பகுதி வரை 500 கோடி வாக்கில் வாங்கினோம், 1,600 கோடி கட்டிவிட்டோம், இன்னும் 2,800 கோடி பாக்கி என்கிறார்கள் என்று அதிபர் ஒபசாஞ்சோ போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நிதியமைச்சர் இங்கோசி ஒகோஞ்சோ இவேலா பேசிப் பேசி 2005 அக்டோபரில் முடித்த ஒப்பந்தத்தில் 1,800 கோடி தள்ளுபடி ஆனது. மீதி 1,200 கோடிக்கு மேல், எண்ணெய் விலை ஏறியதில் சேர்ந்திருந்த பணத்திலிருந்து, 2006 ஏப்ரலுக்குள் ரொக்கமாகக் கட்டித் தீர்க்கப்பட்டது. அவ்வளவு ஏழைகள் வாழும் ஒரு நாட்டிலிருந்து ஆறே மாதத்தில் அத்தனை பணம் வடக்கே பணக்கார நாடுகளுக்குப் போனது. புள்ளிவிவரத்திலோ அந்த ஆண்டுகளில் உதவி எதிர்த்திசையில் ஓடியதாகப் பதிவு. நைஜீரியாவுக்கு அது நல்ல பேரம்தான், ஒகோஞ்சோ இவேலாவின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்ல பேரம் என்பது இரு தரப்புக்கும் பொருந்தும். வரவே வராது என்று நினைத்த கடனில் ரூபாய்க்கு நாற்பது பைசா கையில் கிடைத்தால் எந்த வங்கியாளரும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார்.

வராது என்று கடன் கொடுத்தவர்களுக்கு எப்போது தெரியும் என்பதற்கு ஜயரை, அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசை, காட்டலாம். எர்வின் புளூமென்தால் என்ற ஜெர்மன் மத்திய வங்கியாளரை 1978இல் ஐஎம்எஃப் அதன் தலைநகர் கின்ஷாசாவுக்கு அனுப்பி, அந்நாட்டு மத்திய வங்கியைச் சீர்செய்யச் சொன்னது. அவர் ஓராண்டில் வெறுத்துப்போய்த் திரும்பினார். சர்வாதிகாரி மொபுட்டுவும் அவரது கூட்டாளிகளும் இருக்கும்வரை கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பாது என்று 1982இல் பச்சையாக எழுதியும் கொடுத்தார். அதற்குப் பிறகும் கடன் போய்க்கொண்டே இருந்தது. பனிப்போர்க் காலம், மேற்கு நாடுகளுக்கு மொபுட்டு 'நம்ம ஆள்'. 2010இல் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு 1,230 கோடி டாலர் கடன் நிவாரணம் என்று அறிவித்தபோது அந்தப் பழைய அறிக்கையை யாரும் நினைவூட்டவில்லை.

ஆனாலும் மருத்துவமனை திறந்தது

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் தள்ளுபடியே வெறும் காகித விளையாட்டா என்று கேட்டால், இல்லை. சாம்பியத் தலைநகர் லுசாக்காவில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் கிழக்கு மாகாணத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். 1990களில் ஐஎம்எஃப் சீர்திருத்தங்களின் காலத்தில் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் வந்தது. அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் முதலில் வீட்டில் சில்லறை எண்ணுவார்களாம், எண்ணிய பிறகுதான் போவதா வேண்டாமா என்ற முடிவு. கடும் கடன் சுமையில் இருந்த ஏழை நாடுகளுக்காக உலக வங்கியும் ஐஎம்எஃப்பும் நடத்திய தள்ளுபடித் திட்டத்தின் கடைசிப் படியை 2005 ஏப்ரலில் சாம்பியா தாண்டியது. அதற்கப்புறம் கிளெனீகில்ஸ் தள்ளுபடியும் சேர்ந்து, சுமார் 720 கோடி டாலராக இருந்த வெளிக்கடன் 50 கோடி வாக்கில் இறங்கியது. 2006 ஏப்ரல் 1 முதல் கிராமப்புற மருத்துவமனைகளில் கட்டணம் ரத்து. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை எடுத்தார்கள். இதே ஆசிரியர்கள் பயிற்சி முடித்துவிட்டு அதற்கு முன் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் தள்ளுபடி வேண்டுமென்றால் அரசுச் சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. தேசிய வணிக வங்கியான சனாக்கோவைத் தனியாருக்குத் திறக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. தாமிரச் சுரங்கங்கள் அதற்கு முன்பே, 1997க்கும் 2000க்கும் நடுவில், கைமாறிவிட்டன. அந்த ஒப்பந்தங்களில் அரசுக்குச் சேரும் உரிமப் பங்கு (ராயல்டி) 0.6 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள். தாமிர விலை 2004க்குப் பிறகு ஏறு ஏறென்று ஏறியபோது அந்த 0.6 சதவீதத்தின் வலி நாட்டுக்கே தெரிந்தது.

அந்தப் பெண்ணிடம் வடக்கு நாடுகள் தாராளமாக நடந்துகொண்டனவா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் விநோதமாகப் பார்த்திருப்பாள். கொடுத்தவனுக்கு எவ்வளவு செலவானது என்பதும் வாங்கியவனுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதும் தனித்தனிக் கணக்கு. கொடுத்தவனுக்கு 8 டாலர் செலவான ஒன்று வாங்கியவனுக்கு ஒரு நர்ஸின் சம்பளமாகலாம். பயன்பட்டது என்பதாலேயே அது தியாகம் ஆகிவிடாது, தியாகம் இல்லை என்பதால் பயனற்றதும் ஆகிவிடாது. தள்ளுபடியை ஏமாற்று என்கிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

டிராக்டர் கடன்

விட்டுக்கொடுத்த பணத்தை இடையில் வேறொருவர் அள்ளிக்கொண்டு போகவும் முடியும். 1979இல் ருமேனியா சாம்பியாவுக்கு டிராக்டர் முதலான விவசாய இயந்திரங்கள் வாங்க சுமார் 1.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. தாமிர விலை விழுந்து நாடே தள்ளாடிய காலம், கடன் நின்றுபோனது. 1999இல் வட்டியோடு சேர்ந்து சுமார் 3 கோடியாக இருந்தது. ருமேனியாவும் சாம்பியாவும் பத்தில் ஒரு பங்குக்கு முடித்துக்கொள்ளப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான டோனகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் நடுவில் புகுந்து, சுமார் 33 லட்சம் டாலருக்கு அந்தக் கடனை வாங்கியது. பிறகு, மற்றவர்கள் எல்லாரும் தள்ளுபடி செய்து முடிக்கும் நேரம் பார்த்து, லண்டன் உயர் நீதிமன்றத்தில் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007 ஏப்ரலில் நீதிபதி ஆண்ட்ரூ ஸ்மித் சுமார் 1.54 கோடி டாலர் தரச் சொன்னார். நீதிபதிக்கே டோனகலின் நடத்தை பிடிக்கவில்லை, ஆனால் கடனைக் கட்டுவதாக 2003இல் சாம்பிய அரசு டோனகலுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த உடன்பாடு எதிரே இருந்தது.

இதில் என்னை உறுத்துவது டோனகலின் பேராசை மட்டுமில்லை. கழுகு நிதியம் என்றே அப்படிப்பட்டவர்களுக்குப் பெயர், கழுகு பிணத்தைத் தின்னும் என்பதில் என்ன அதிர்ச்சி? பிரிட்டனும் மற்றவர்களும் விட்டுக்கொடுத்ததால்தான் சாம்பியாவின் கையில் கட்டுவதற்குப் பணம் இருந்தது. பத்துப் பேர் விட்டுக்கொடுத்தால் பதினோராவது ஆளின் காகிதத்துக்கு மதிப்பு ஏறுகிறது. இதைத் தடுக்க ஒரே வழி பதினோராவது ஆளைச் சட்டத்தால் கட்டுவது. பிரிட்டன் 2010இல் அதைச் செய்தது. கடன் சுமை நாடுகளிடமிருந்து, மற்றவர்கள் ஏற்ற விகிதத்துக்கு மேல் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் யாரும் வசூலிக்க முடியாது என்று ஒரு சட்டம், அடுத்த ஆண்டே நிரந்தரமாக்கப்பட்டது. கருவூலத்துக்குப் பெரிய செலவில்லாத காரியம். கிளெனீகில்ஸ் மேடையைவிட எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். குறை, அது பழைய கடன்களுக்கு மட்டும்.

நார்வே எழுதிய வரி

இந்தக் கதைகளையெல்லாம் படித்துக்கொண்டே போனபோது 'யார் கணக்கில்' என்பதற்கு ஒரே மாதிரியான பதில்தான் வந்துகொண்டிருந்தது. உதவிக் கணக்கில் எழுதினார்கள், பெருமைக் கணக்கில் எழுதினார்கள். நார்வேயின் கப்பல் கதையில்தான் என் எண்ணம் திரும்பியது.

1970களின் நடுவில் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகெங்கும் கப்பல் வாங்க ஆளில்லாமல் போனது. நார்வேயின் கப்பல் கட்டும் தளங்கள் படுத்துவிட்டன. தொழிலாளர் வேலையைக் காப்பாற்ற அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. 1976 முதல் 1980 வரை, வளரும் நாடுகளுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கொடுத்துக் கப்பல் விற்பது. 21 நாடுகளுக்கு 156 கப்பல்கள் போயின. வாங்குகிற நாட்டுக்கு அந்தக் கப்பல் தேவையா, அதை ஓட்டிப் பணம் பார்க்க முடியுமா என்பதையெல்லாம் ஆழமாக ஆராயவில்லை. தளத்தில் வேலை நடந்தால் போதும் என்பதுதான் அவசரம். வாங்கியவற்றில் சியரா லியோனும் எகிப்தும் உண்டு. கடன் திரும்பவில்லை. 1980களின் கடைசியில் நார்வே அரசின் சொந்த மதிப்பீடே அந்தத் திட்டத்தைத் தோல்வி என்று சொல்லிவிட்டது.

இதுவரை எல்லா நாட்டுக் கதையும்தான். நார்வேயில் உள்ள சமூக இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் குடைந்தன. 2006 அக்டோபரில் வளர்ச்சித்துறை அமைச்சர் எரிக் சூல்ஹெய்ம், எக்வடோர், எகிப்து, ஜமைக்கா, பெரு, சியரா லியோன் ஆகிய ஐந்து நாடுகளின் கப்பல் கடனை, சுமார் 8 கோடி டாலர், ரத்து செய்தார். ரத்து செய்ததோடு இரண்டு காரியங்கள் செய்தார்கள். இந்தக் கடன் உருவானதில் கடன் கொடுத்த எங்களுக்கும் பொறுப்பு உண்டு என்று அரசாகச் சொன்னார்கள். இந்தத் தொகையை வளர்ச்சி உதவிக் கணக்கில் காட்ட மாட்டோம் என்றும் சொன்னார்கள். விதிப்படி காட்டியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நார்வேயின் உதவிக் கோடு அந்த ஆண்டு கொஞ்சம் உயர்ந்திருக்கும். காட்டவில்லை. எங்கள் கப்பல் தளங்களுக்காக நாங்கள் எடுத்த முடிவின் நஷ்டம், அது எங்கள் நஷ்டம் என்று அதன் சொந்தத் தலைப்பிலேயே எழுதினார்கள்.

8 கோடி டாலர் உலகக் கடன் கணக்கில் தூசு. எண்ணெய் வளம் கொழிக்கும் நாட்டுக்கு அது செலவே இல்லை. அந்த வகையில் நார்வேக்கும் பெரிய வள்ளல் பட்டம் தர நான் தயாரில்லை. 4,000 கோடி அறிவித்தவர்கள் தொடாத ஒன்றை இவர்கள் தொட்டார்கள் என்பதுதான் விஷயம். தவறான கடனில் இரண்டு கையெழுத்து இருக்கும். வாங்கியவனுக்குக் கட்டுப்பாடு, நிபந்தனை, மதிப்பெண் பட்டியல் எல்லாம் வந்தன. கொடுத்தவன் பக்கத்து மேசையில் யாரும் தணிக்கை செய்யவில்லை. நார்வே 2013இல் அதையும் செய்தது. வளரும் நாடுகள் தனக்குத் தர வேண்டியிருந்த கடன்கள் முறையாகத்தான் கொடுக்கப்பட்டனவா என்று வெளித் தணிக்கை நிறுவனம் ஒன்றை வைத்துப் பார்த்து, அறிக்கையை வெளியிட்டது. கடன் கொடுத்த ஓர் அரசு தன் கடன்களையே அப்படித் தணிக்கைக்கு விட்டது அதுதான் முதல் முறை. பிரான்ஸோ ஜப்பானோ பிரிட்டனோ தங்கள் ஏற்றுமதிக் கடன் கோப்புகளை அப்படித் திறந்து வைத்தால் பெருந்தன்மை பற்றிய விவாதமே பாதி அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. சீனாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் 17 ஆப்பிரிக்க நாடுகளுக்கு 23 கடன்களை ரத்து செய்ததாகப் பெரிதாக அறிவித்தார்கள், எல்லாம் வட்டியில்லாக் கடன், அதுவும் கெடு முடிந்தவை. வட்டிக்குக் கொடுத்த பெரிய கடன்களைத் தொடவில்லை.

மறுபடியும் கடன்

"மறுபடியும் வாங்கினாங்கல்ல?" என்பது சித்தப்பாவின் அடுத்த கேள்வி. வாங்கினார்கள். 2012 செப்டம்பரில் சாம்பியா வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கடன் வாங்க முதல் டாலர் பத்திரத்தை வெளியிட்டது, 75 கோடி. வாங்க முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். 2014இல் 100 கோடி, 2015இல் 125 கோடி, இந்தக் கடைசிப் பத்திரத்தின் வட்டி கிட்டத்தட்ட 9 சதவீதம். சீன வங்கிகளின் கடன் தனி. அந்தப் பணத்தில் சாலை வந்தது, விமான நிலையம் வந்தது, ஊழலும் தாராளமாக வந்தது. 2017இல் அரசு 42 தீயணைப்பு வண்டிகளை 4.2 கோடி டாலருக்கு வாங்கியதை லுசாக்காவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வண்டி பத்து லட்சம் டாலர்! நாடாளுமன்ற வாசலில் அதை எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்போதைய அதிபர் எட்கர் லுங்கு ஆட்சியின் பொறுப்பை நான் துளியும் குறைக்க மாட்டேன்.

ஆனால் 9 சதவீத வட்டி எதற்கு? பணம் திரும்பாமல் போகும் ஆபத்து இருக்கிறது என்பதற்குத்தான் அந்த வட்டி. ஆபத்துக்கான கூலியை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டு, ஆபத்து வந்த நாளில் அசல் முழுதும் வேண்டும் என்பது என்ன கணக்கு? 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் சாம்பியா நின்றுபோனது, கொரோனா காலத்தில் அப்படி நின்ற முதல் ஆப்பிரிக்க நாடு. அதே மாதம் ஜி20 நாடுகள், ஏழை நாடுகளின் கடனைக் கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மாற்றியமைக்க, 'பொதுச் சட்டகம்' என்ற ஒரு முறையை அறிவித்தன. 2021 தொடக்கத்தில் சாம்பியா விண்ணப்பித்தது. கடன் கொடுத்த அரசுகளோடு கொள்கை அளவில் உடன்பட 2023 ஜூன் வரை ஆனது. அந்த அரசுகளுக்குத் தர வேண்டிய 630 கோடி டாலரில் அசலில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. கெடுவை 2043 வரை நீட்டி, 2037 வரை வட்டியை 1 சதவீதமாக்கினார்கள். சாதாரணமில்லை, அது உண்மையான நிவாரணம்தான். பொருளாதாரம் தேறினால் வட்டி 4 சதவீதம் வரை ஏறும். டாலர் பத்திரங்களை வாங்கியிருந்தவர்களோடு போட்ட முதல் உடன்பாட்டை, இவர்கள் போதிய அளவு விட்டுக்கொடுக்கவில்லை என்று அரசுகளே 2023 நவம்பரில் திருப்பி அனுப்பின. 2024 ஜூனில்தான் அது முடிந்தது. சுமார் 84 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள்.

அந்தப் பத்திர உடன்பாட்டின் ஒரு ஷரத்தை நான் பலமுறை படித்தேன். புதிய பத்திரங்களில் ஒன்றுக்கு வழக்கமான நிலையில் 0.5 சதவீத வட்டி, 2053 வரை அவகாசம். கடன் தாங்கும் திறன் உயர்ந்துவிட்டதாக மதிப்பிடப்பட்டாலோ வட்டி 7.5 சதவீதம், 2035க்குள் எல்லாம் கட்டியாக வேண்டும். இதில் கையெழுத்து விழுவதற்குச் சில மாதம் முன்பு, 2024 பிப்ரவரி 29 அன்று, அதிபர் ஹிச்சிலேமா வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்திருந்தார். பயிரிட்ட 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் கருகிவிட்டது. நீர்மின்சாரம் தரும் கரிபா நீர்த்தேக்கம் வற்றி, நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. நாடு தேறினால் இவ்வளவு கூடும் என்று பைசா சுத்தமாக எழுதிய அதே உடன்பாடு, நாடு இன்னும் விழுந்தால் இவ்வளவு குறையும் என்று எழுதவில்லை. எழுதத் தெரியாமலில்லை. கரீபியன் தீவு நாடான கிரெனடா 2015இலேயே புயல் வந்தால் தவணை தள்ளிப்போகும் என்று பத்திரத்தில் எழுத வைத்தது. சாம்பியா கையெழுத்திட்ட ஆறு மாதத்தில், 2024 டிசம்பரில், இலங்கை தன் பத்திரங்களை மாற்றியமைத்தபோது பொருளாதார வளர்ச்சியோடு தவணையை இணைத்தார்கள். அங்கே வளர்ச்சி கூடினால் கூடும், குறைந்தால் குறையும்.